டேம்பர் என்ற சொல்லும் ஒரு கடப்பாரையின் கதையும்



போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்ஆப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். கட்டட வேலையில் மேற்பார்வையாளராக இருக்கிறார். "சார், மண்ணை இடிச்சு இறுக்குற கருவிக்கு கேட்டலாக்ல டேம்பர்னு போட்டிருக்கான். கரண்ட் மீட்டர்ல டேம்பர் பண்ணக் கூடாதுன்னு சீல் வெச்சிருக்கான். மண்ணை இடிக்கிறதுக்கும் திருட்டுத்தனமா கை வைக்கிறதுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

நல்ல கேள்வி. ஒரு சம்பந்தமும் இல்லை, இரண்டும் வேறு வேறு சொற்கள், எழுத்து மட்டும்தான் ஒன்று என்று இரண்டு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் எழுத உட்கார்ந்தபோது ஒரு மனிதரின் கதை குறுக்கே வந்து நின்றுகொண்டது. அதைச் சொல்லாமல் இந்தச் சொல்லை விட மனமில்லை. கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

முதலில் 'கை வைக்கிற' டேம்பர். இது டெம்பர் என்ற சொல்லின் திரிந்த வடிவம். உரிய அளவில் கலப்பது, பதப்படுத்துவது என்பது அதன் லத்தீன் மூலத்தின் பொருள். கொல்லர் அரிவாளைக் காய்ச்சித் தோய்ச்சல் வைப்பதும் டெம்பர்தான். ஒருவருடைய குணத்துக்கும் அதே பெயர். நம் ஊரில் 'அவர் டெம்பர் ஆயிட்டார்' என்கிறோமே, அது தலைகீழான பயன்பாடு. ஆங்கிலக்காரன் கணக்கில் கோபம் வந்தவன் டெம்பரை இழந்தவன். நமக்கு அவன் டெம்பர் ஏறியவன். போகட்டும்.

16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் செங்கல்லுக்கும் பானைக்கும் களிமண் மிதித்துப் பிசைகிறவர்கள் செய்த வேலைக்கு டெம்பர் என்றும் டேம்பர் என்றும் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். மண் பிசைகிறவன் கை சும்மா இருக்காது. கிளறிக்கொண்டே இருக்கும், அமுக்கிப் பார்க்கும், இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடும். அங்கிருந்து 'ஒன்றை விடாமல் நோண்டிக்கொண்டிருப்பது' என்ற பொருள் வந்தது. பிறகு தன் வேலையல்லாத இடத்தில் நோண்டுவது. 17ஆம் நூற்றாண்டுக்குள் சாட்சியைக் கலைப்பது, ரகசியமாகப் பணம் கொடுத்து ஆளை மடக்குவது எல்லாம் இந்தச் சொல்லின் கீழ் வந்துவிட்டன. நம் மொழியிலும் 'கை வைத்தான்' என்றாலே போதும், மிச்சத்தைக் கேட்கிறவர் புரிந்துகொள்வார்.

இரண்டாவது டேம்பரின் அடி டேம்ப். பீரங்கிக் குழாயின் வாயை அடைக்கும் கட்டைக்கு ஆங்கிலத்தில் டாம்பியன் என்று பெயர். அடைப்பான் என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது அது. ரத்தப் போக்கை நிறுத்த வைத்து அடைக்கும் பஞ்சுக்கு டாம்பன் என்ற பெயர் வந்ததும் அதே வழியில்தான். சுரங்கத்திலும் கல்குவாரியிலும் வேலை செய்தவர்கள் வாயில் அது டேம்ப் ஆகி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுத்துக்கு வந்தது என்று அகராதி எழுதியவர்கள் பெரும்பாலும் கருதுகிறார்கள். பாறையில் குழி போட்டு, மருந்து நிரப்பி, அதன் மேல் களிமண்ணையோ மணலையோ போட்டு இடித்து அடைப்பதுதான் டேம்ப் செய்வது. அதற்குரிய கம்பி, கட்டை, இயந்திரம் எல்லாமே டேம்பர். ஆக ஒரு சொல் களிமண்ணைப் பிசைவதில் தொடங்கியது, இன்னொன்று களிமண்ணை அடைப்பதில் தொடங்கியது. அந்த மண்ணைத் தவிர இரண்டுக்கும் உறவு கிடையாது.

நம்மிடமும் இந்த வேலைக்கு நல்ல சொற்கள் உண்டு. தளம் இடித்துக் கெட்டிக்கும் கட்டைக்குத் திமிசு என்று பெயர். கொங்குப் பக்கம் கிணறு வெட்டும்போது பாறையில் மருந்து வைக்கப் போடும் குழிக்குத் தமர் என்பார்கள். 'தமர் அடிச்சு வேட்டு வெச்சாத்தான் தண்ணி' என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த இடத்தில் சில நண்பர்களின் விரல் கமெண்ட் பெட்டியை நோக்கிப் போவது எனக்குத் தெரிகிறது. தமர், டேம்பர், ஆகவே தமிழிலிருந்து போனது! வேண்டாம். இரண்டு சொற்கள் காதுக்கு ஒன்றுபோல் கேட்பதால் உறவாகிவிடாது. இங்கிலாந்திலேயே ஒரே எழுத்தில் இருக்கும் இரண்டு டேம்பருக்கு உறவில்லை என்பதைத்தான் இப்போது பார்த்தோம். எந்த நூற்றாண்டில், யார் வாயில், எந்த வழியாக என்று காட்ட முடிந்தால்தான் அது வரலாறு. இல்லாவிட்டால் அது பாசம்.

ரயில்வேக்காரர்களுக்கு டேம்பிங் என்றால் தனியாக விளக்க வேண்டியதில்லை. ரயில் ஓட ஓட ஸ்லீப்பர் கட்டைக்கு அடியில் இருக்கும் ஜல்லி நகர்ந்து பாதை அமுங்கும். அதை மறுபடி நெருக்கி அடைத்தால்தான் தண்டவாளம் மட்டத்துக்கு வரும். பல தலைமுறைகளாகக் கேங்மேன்கள் வெயிலில் வரிசையாக நின்று பீட்டர் என்ற இரும்புக் கருவியால் அடித்து அடித்துச் செய்த வேலை அது. பேக்கிங் என்பார்கள். இப்போது பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் ஒரு பெரிய இயந்திரம் வந்து, இரும்பு விரல்களை ஜல்லிக்குள் இறக்கி, அதிரவைத்து நெருக்கிவிட்டுப் போகிறது. நம் வீட்டு காபி ஃபில்டருக்குள் தண்டு வைத்த ஒரு தட்டு இருக்கிறதல்லவா, பொடியை லேசாக அமுக்கி வைப்பதற்கு? அதுவும் டேம்பர்தான். எஸ்பிரெஸ்ஸோ கடைக்காரர் கையில் குமிழ் மாதிரி வைத்து அழுத்துவது அதற்குத் தம்பி.

சரி, அந்த மனிதரின் கதைக்கு வருகிறேன்.

1848 செப்டம்பர் 13. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கேவெண்டிஷ் என்ற சிற்றூருக்கு வெளியே பாறையை உடைத்து ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். ரட்லண்ட் - பர்லிங்டன் ரயில் பாதை. அங்கே வேலை செய்த ஒரு குழுவுக்கு மேஸ்திரி ஃபினியஸ் கேஜ். வயது 25. ஒப்பந்தக்காரர்களுக்குப் பிடித்த ஆள்: திறமைசாலி, சுறுசுறுப்பானவர், கணக்கில் சுத்தம். அவரிடம் ஒரு டேம்பிங் கம்பி இருந்தது. உள்ளூர்க் கொல்லரிடம் சொல்லித் தன் விருப்பப்படி செய்துகொண்டது. நீளம் 3 அடி 7 அங்குலம், தடிமன் 1.25 அங்குலம், எடை 13 பவுண்டுக்குச் சற்று மேல், அதாவது சுமார் 6 கிலோ. ஒரு முனை மொண்ணை. மறுமுனை கடைசி ஓர் அடியில் மெலிந்து மெலிந்து கூராக முடியும். நம்முடைய சிறு கடப்பாரையை வழுவழுப்பாகச் செய்ததுபோல் நினைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முறை இதுதான். பாறையில் குழி போடுவார்கள். கருமருந்தைக் கொட்டி, திரியை வைப்பார்கள். அதன் மேல் மணல். மணலுக்கு மேல்தான் கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். வெடி மேலே பீறிட்டு வீணாகாமல் பாறையைப் பிளப்பதற்கு அந்த அடைப்பு தேவை. மணல் இல்லாவிட்டால் வெறும் மருந்தின் மேல் இரும்பு இறங்கும். இரும்பு பாறையில் உரசினால் பொறி பறக்கும். இன்று வெடி வைக்கும் இடங்களில் மருந்து இறுக்க இரும்பைத் தொடவிடமாட்டார்கள், மரக்கழிதான். 1848இல் இரும்புதான்.

மாலை நான்கரை மணி வாக்கில், பின்னால் வேலை செய்துகொண்டிருந்த ஆட்கள் பக்கம் கேஜின் கவனம் போனது. திரும்பிப் பார்த்திருக்கிறார். குழியில் மணல் விழவில்லை. கம்பி இறங்கியது. பொறி, வெடி. கூர்முனை முன்னால் போக, கம்பி அவருடைய இடது கன்னத்தில் நுழைந்து, இடது கண்ணுக்குப் பின்புறமாக ஏறி, மண்டையின் உச்சியைப் பிளந்துகொண்டு வெளியே வந்து, ஏறக்குறைய 80 அடி தள்ளிப் போய் விழுந்தது.

சில நிமிடங்களில் அவர் பேசினார். தாங்கிப் பிடிக்க நடந்தார். மாட்டுவண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி முக்கால் மைல் பயணம் செய்து, தங்கியிருந்த விடுதிக்கு வந்து, வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதலில் வந்த மருத்துவர் எட்வர்ட் வில்லியம்ஸிடம், உங்களுக்கு இங்கே நிறைய வேலை இருக்கிறது என்கிற மாதிரி ஏதோ சொன்னாராம். ஒரு மணி நேரம் கழித்து ஜான் ஹார்லோ என்ற இளம் மருத்துவர் வந்து பொறுப்பேற்றார். காயத்தில் சீழ் பிடித்தது. பல நாள் நினைவு தப்பிக் கிடந்தார். சவப்பெட்டி கூடத் தயாராக இருந்தது. ஹார்லோ சீழை வெளியேற்றினார். நவம்பர் கடைசியில் கேஜ் தன் ஊரான நியூ ஹாம்ப்ஷயரின் லெபனான் போய்ச் சேர்ந்தார். இடது கண் பார்வை போய்விட்டது. மற்றபடி ஆள் உயிரோடு இருந்தார். ஆன்டிபயாடிக் என்ற சொல்லே பிறக்காத காலம் என்பதை மறக்க வேண்டாம்.

இந்தச் சம்பவத்தின் மறுபாதியை உளவியல் புத்தகங்களில் படித்திருப்பீர்கள். ஆசிரியர் பயிற்சிப் பாடத்திலேயே மூளை பற்றிய பகுதியில் இப்படி ஒருவர் வருவார். நல்லவராக இருந்த கேஜ், முன்மூளை சிதைந்ததால் குணம் மாறி, குடிகாரராகி, முரடராகி, எந்த வேலையிலும் நிலைக்காமல், சர்க்கஸில் காட்சிப் பொருளாக அலைந்து செத்தார் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். இந்தக் கதையில் எவ்வளவு பேர் கை வைத்திருக்கிறார்கள் என்பதற்கு மீண்டும் வருகிறேன். அதற்கு முன் சொல்லின் மற்ற வீடுகளையும் எட்டிப் பார்த்துவிடலாம்.

வேட்டு வைக்கிறவரின் இந்தச் சொல் நூறு ஆண்டு கழித்து எங்கே போய்ச் சேர்ந்தது தெரியுமா? அணுகுண்டுக்குள். 1943 ஏப்ரலில் லாஸ் அலமோஸுக்கு வந்து சேர்ந்த விஞ்ஞானிகளுக்கு ராபர்ட் செர்பர் நடத்திய அறிமுக வகுப்புகளில் டேம்பர் வருகிறது. குண்டின் நடுவிலுள்ள யுரேனியமோ புளூட்டோனியமோ வெடிக்கத் தொடங்கிய கணமே விரிந்து சிதறப் பார்க்கும். சிதறினால் வினை நின்றுவிடும். அதைச் சுற்றிக் கனமான உலோகத்தால் ஓர் ஓடு வைத்தால் அதன் கனமே சிதறலைக் கண நேரம் தாமதப்படுத்தும். வெளியே தப்பும் நியூட்ரான்களையும் திருப்பி உள்ளே அனுப்பும். பாறைக் குழியின் மேல் களிமண் செய்யும் அதே வேலை. ஹிரோஷிமா குண்டில் டங்ஸ்டன் கார்பைடு டேம்பர். நாகசாகி குண்டில் இயற்கை யுரேனிய டேம்பர். அந்தக் குண்டின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு அந்த ஓடே பிளந்து தந்தது என்று கணக்கிடுகிறார்கள். அடைக்க வைத்த மண்ணே வெடித்த மாதிரி.

அதே லாஸ் அலமோஸில் இந்த டேம்பரே இரண்டு இளைஞர்களைக் கொன்றது. 1945 ஆகஸ்ட் 21 இரவு ஹாரி டாக்லியன் என்ற 24 வயது இயற்பியலாளர் 6.2 கிலோ புளூட்டோனிய உருண்டையைச் சுற்றி டங்ஸ்டன் கார்பைடு செங்கற்களை ஒவ்வொன்றாக அடுக்கிச் சோதித்துக்கொண்டிருந்தார். கடைசிச் செங்கல் கை நழுவி உருண்டையின் மேல் விழுந்தது. கதிர்வீச்சில் வெந்து 25 நாளில் இறந்தார். ஜப்பான் சரணடைந்த பிறகு நடந்தது இது. அடுத்த ஆண்டு மே 21இல் அதே உருண்டையின் மேல் பெரிலியத்தால் ஆன அரைக்கோள மூடியை லூயிஸ் ஸ்லோட்டின் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் முட்டுக் கொடுத்து, முழுக்க மூடிவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். ஸ்க்ரூ டிரைவர் வழுக்கியது. ஒன்பதாம் நாள் அவரும் போனார். இரண்டு டேம்பரும் ஒரே அறையில் சந்தித்த இடம் என்று எனக்குத் தோன்றும்: அடைக்கும் கருவியும், நோண்டும் கையும்.

கை வைக்கிற டேம்பரை நம் ஊர்ப் பிள்ளைகள் கற்றுக்கொண்டது பெரும்பாலும் கிரிக்கெட்டில்தான். 2018 மார்ச்சில் கேப் டவுனில் ஆஸ்திரேலியர்கள் உப்புத்தாள் வைத்துப் பந்தைத் தேய்த்து மாட்டிக்கொண்டபோது பால் டேம்பரிங் என்ற சொல் டீக்கடை வரை வந்தது. ஸ்மித்துக்கும் வார்னருக்கும் ஓராண்டுத் தடை. ஆனால் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும், 1977 ஜனவரியில் நம் சேப்பாக்கத்திலேயே ஒரு கலாட்டா நடந்தது. இங்கிலாந்தின் ஜான் லீவர் நெற்றியில் வாசலின் தடவிய துணிப்பட்டை ஒட்டியிருந்தார். வியர்வை கண்ணில் வழியாமல் இருக்க என்றார்கள். பந்துக்கு மெருகேற்ற என்றார் நம் கேப்டன் பிஷன் சிங் பேடி. இங்கிலாந்து வாரியம் தன் ஆளைக் குற்றமற்றவர் என்று விட்டுவிட்டது. சென்னை ஜனவரி வெயிலில் வியர்வை வழியாது என்று நான் சொல்லமாட்டேன். தீர்ப்பு உங்களுடையது.

விளையாட்டை விடுங்கள். இந்தச் சொல் உலகம் முழுக்க மருந்துப் பெட்டிகளில் ஏறியதற்குப் பின்னால் ஏழு சாவுகள் இருக்கின்றன. 1982 செப்டம்பர் 29. சிகாகோவின் புறநகர் ஒன்றில் 12 வயதுச் சிறுமி சளி என்று டைலனால் கேப்ஸ்யூல் போட்டுக்கொண்டு இறந்துபோனாள். டைலனால் என்பது நம் பாராசிட்டமால்தான். அதே நாளில் இன்னொரு ஊரில் ஓர் இளைஞர் இறந்தார். துக்கத்துக்குக் கூடியிருந்த தம்பியும் தம்பி மனைவியும் தலைவலிக்கு அதே வீட்டில் இருந்த அதே புட்டியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். அவர்களும் போனார்கள். சில நாட்களுக்குள் மொத்தம் ஏழு பேர்.

அந்த வீட்டுக்குப் போன பொதுச் சுகாதாரச் செவிலியர் ஒருவர் புட்டியைக் கவிழ்த்து மாத்திரைகளை எண்ணினார். புதிதாக வாங்கிய புட்டியில் ஆறு குறைந்தது. இறந்தவர்கள் மூன்று பேர், ஆளுக்கு இரண்டு. மருந்தில்தான் ஏதோ இருக்கிறது என்று அவர் சொன்னார். முதலில் யாரும் காதில் வாங்கவில்லை. சோதித்தபோது கேப்ஸ்யூலுக்குள் சயனைடு. யாரோ கடை அலமாரியிலிருந்து புட்டிகளை எடுத்து, கேப்ஸ்யூலைப் பிரித்து, விஷம் நிரப்பித் திரும்ப வைத்திருக்கிறார்கள். போலீஸ் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாக எச்சரித்தது. ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் நாடு முழுக்க சுமார் 3 கோடியே 10 லட்சம் புட்டிகளைத் திரும்பப் பெற்றது. அந்தக் கொலைகளுக்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

அதுவரை மருந்துப் புட்டி என்றால் மூடியைத் திறந்தால் பஞ்சு, பஞ்சுக்குக் கீழே மாத்திரை. அதற்குப் பிறகுதான் மூடியைச் சுற்றிப் பிளாஸ்டிக் உறை, வாயில் ஒட்டிய காகிதம், பசை வைத்த அட்டைப்பெட்டி எல்லாம் அங்கே கட்டாயமாயின. 1982 நவம்பரிலேயே விதி வந்தது, 1983இல் மத்தியச் சட்டம் வந்தது. இந்த விதிகளின் சொல்லில் ஒரு சின்ன மாற்றம் பிற்பாடு நடந்தது. எனக்கு மிகவும் பிடித்த மாற்றம். முதலில் 'கை வைக்க முடியாத' உறை என்ற பொருளில்தான் எழுதினார்கள். பிறகு அதை 'கை வைத்தால் தெரிந்துவிடும்' உறை என்று திருத்தினார்கள். எந்தக் காகிதமும் ஒரு திருடனைத் தடுக்காது. கிழிந்திருந்தால் நமக்குத் தெரியும், அவ்வளவுதான் அதனால் முடியும். ஓட்டுப் பெட்டியின் அரக்கு முத்திரையும் வினாத்தாள் கட்டின் முத்திரையும் அதே வேலையைத்தான் செய்கின்றன. தேர்வு அறையில் கட்டைப் பிரிக்கும் முன் இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு முத்திரை சரியாக இருக்கிறதா என்று காட்டிக் கையெழுத்து வாங்குவோமே, அதன் தத்துவம் இதுதான்.

இப்போது கேஜுக்குத் திரும்புகிறேன். அவர் கதையில் முத்திரை எங்கே கிழிந்தது என்று பார்க்கலாம்.

அவரை நேரில் பார்த்து எழுதியவர்கள் மிகச் சிலர். ஹார்லோ 1848இல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் பெரும்பகுதி காயமும் சிகிச்சையும்தான். 1849 கடைசியில் ஹார்வர்டின் அறுவை சிகிச்சைப் பேராசிரியர் ஹென்றி பிகலோ அவரை பாஸ்டனுக்கு வரவழைத்துப் பல வாரம் வைத்திருந்து பரிசோதித்து, உடலும் மனமும் தேறிவிட்டன என்று எழுதினார். குணம் மாறியதைப் பற்றிய புகழ்பெற்ற வரிகள் வந்தது 1868இல், அதே ஹார்லோவிடமிருந்து, கேஜ் இறந்து எட்டு ஆண்டு கழித்து. பழைய முதலாளிகள் அவருக்கு மேஸ்திரி வேலையைத் திரும்பத் தரவில்லை, பொறுமையில்லை, கெட்ட வார்த்தை பேசுகிறார், ஒரு திட்டம் போட்டு முடிப்பதற்குள் இன்னொன்றுக்குத் தாவுகிறார், பழைய கேஜ் இல்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள் என்பது அதன் சாரம். இவ்வளவுதான். மொத்தம் சில நூறு சொற்கள். குடித்தார் என்று அதில் இல்லை. அடித்தார், திருடினார், பெண்டாட்டியை விட்டார் எதுவும் இல்லை. அவருக்குத் திருமணமே ஆகவில்லை.

இல்லாதது எப்படி வந்தது? மூளையின் எந்தப் பகுதி எதைச் செய்கிறது என்ற சண்டை 19ஆம் நூற்றாண்டில் பெரிதாக நடந்தது. மூளைக்குள் தனித்தனி இடம் இல்லை என்றவர்கள் பிகலோவின் 'தேறிவிட்டார்' என்ற வரியை எடுத்துக்கொண்டார்கள். உண்டு என்றவர்கள் ஹார்லோவின் 'மாறிவிட்டார்' என்ற வரியை எடுத்துக்கொண்டார்கள். பிறகு வந்த பாடநூல் ஆசிரியர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு பிடி சேர்ந்தது. ஆஸ்திரேலிய உளவியல் அறிஞர் மால்கம் மக்மிலன் பல ஆண்டு உழைத்து, யார் எதை எப்போது சேர்த்தார்கள் என்று தேடி 2000ஆம் ஆண்டில் ஒரு பெரிய நூலாகவே வெளியிட்டார்.

எல்லோரும் வேகமாகத் தாண்டிப்போகும் பகுதி ஒன்று இருக்கிறது. விபத்துக்குப் பிறகு கொஞ்ச காலம் கேஜ் தன் கம்பியோடு சில ஊர்களில் பொதுமக்கள் முன் தோன்றினார், உண்மைதான். நியூயார்க்கில் பார்னமின் காட்சிக்கூடத்திலும் இருந்ததாக ஹார்லோ சொல்கிறார். பிறகு ஹானோவரில் குதிரை லாயத்தில் வேலை. 1852இல் தென் அமெரிக்காவின் சிலி நாட்டுக்குப் போனார். வால்பரைசோவுக்கும் சான்டியாகோவுக்கும் இடையே ஆறு குதிரை பூட்டிய பயணிகள் வண்டி ஓட்டினார். ஏழு ஆண்டுகள்! மலைப்பாதை, தெரியாத மொழி, பயணிகள், அவர்களுடைய சாமான், கட்டணம், நேரம். ஒவ்வொரு குதிரையின் கடிவாளத்தையும் விரல்களுக்கிடையே தனித்தனியாகப் பிடித்து ஓட்டுகிற வேலை. திட்டமிடவே தெரியாதவன், நிலைகொள்ளாதவன் என்று புத்தகங்கள் சொல்லும் மனிதர் ஒற்றைக் கண்ணோடு இதைச் செய்தார். தொடக்கத்தில் குணம் மாறியது உண்மையாகவே இருக்கலாம். அவ்வளவு பெரிய காயம். ஆனால் ஒழுங்கான ஒரு வேலை கிடைத்து, தினமும் அதே நேரம், அதே பாதை என்று வாழ்ந்ததில் இழந்ததில் பெரும்பகுதியை அவர் மீட்டுக்கொண்டார் என்றே மக்மிலன் போன்றவர்கள் கருதுகிறார்கள்.

எனக்கு இந்தத் திருத்தம் வெறும் தகவல் பிழை சம்பந்தப்பட்டது மட்டுமில்லை. தலையில் அடிபட்ட ஒரு பிள்ளையின் பெற்றோரிடம், பக்கவாதம் வந்தவரின் மனைவியிடம் இந்தக் கேஜ் கதையை எந்த வடிவத்தில் சொல்கிறோம் என்பது அவர்கள் நாளைக் காலையில் என்ன முயற்சி செய்வார்கள் என்பதைத் தீர்மானிக்கும். 'மூளை போனால் ஆள் போச்சு' என்று கேட்டவர்கள் ஒரு முடிவுக்கு வருவார்கள். 'ஏழு வருஷம் ஆறு குதிரை வண்டி ஓட்டினார்' என்று கேட்டவர்கள் வேறு முடிவுக்கு வருவார்கள்.

1859இல் உடல்நலம் கெட்டு, அம்மா இருந்த சான்பிரான்சிஸ்கோவுக்குத் திரும்பினார். கொஞ்சம் தேறி வயல் வேலைக்குக்கூடப் போனார். அடுத்த ஆண்டு வலிப்பு வரத் தொடங்கியது. 1860 மே 21இல் இறந்தார். வயது 36. ஹார்லோவுக்கு இது பல ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. அவர் அம்மாவுக்கு எழுதிக் கேட்டார். 1867இல் குடும்பத்தின் சம்மதத்தோடு கல்லறையைத் திறந்து மண்டையோட்டையும் கம்பியையும் அவரிடம் ஒப்படைத்தார்கள். 1868 கட்டுரையில் ஹார்லோ இறப்பு ஆண்டை 1861 என்று எழுதிவிட்டார். அடக்கம் செய்தவர்களின் பதிவேடு இருந்ததால்தான் அது 1860 என்று தெரிகிறது.

2009இல் இன்னொரு சாட்சி வெளிவந்தது. கண்ணாடிபோல் மின்னும் பழைய வெள்ளித்தகட்டுப் புகைப்படம் ஒன்று. ஒரு தம்பதியிடம் பல ஆண்டுகளாக இருந்தது. கையில் நீளமான கம்பி பிடித்த ஒற்றைக்கண் மனிதர், திமிங்கிலம் பிடிக்கிறவர் போலிருக்கிறது என்று நினைத்திருந்தார்கள். இணையத்தில் போட்டபோது, அது திமிங்கில ஈட்டி இல்லை என்று ஒருவர் சொல்ல, இது ஃபினியஸ் கேஜாக இருக்கலாமே என்று இன்னொருவர் எழுதினார். கம்பியில் பொறித்த எழுத்தை வைத்து ஒப்பிட்டு உறுதி செய்தார்கள். படத்தில் இருப்பவர் அலைந்து திரிகிற குடிகாரர் மாதிரி இல்லை. நல்ல உடை, சீவிய தலை, மூடிய இடது கண், நிமிர்ந்த உடம்பு. கம்பியைப் பிடித்திருக்கும் விதத்தில் ஒரு பெருமை கூடத் தெரிகிறது.

மண்டையோடும் அந்த டேம்பிங் கம்பியும் இன்று பாஸ்டனில் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் வாரன் உடற்கூற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கேஜ் உயிரோடு இருந்தபோதே, 1850 ஜனவரியில், அந்தக் கம்பியின் மேல் சில வரிகள் பொறிக்கப்பட்டன. இன்னாருடைய தலையில் பாய்ந்த கம்பி இது, அவர் முழுதும் தேறிவிட்டார், இதை ஹார்வர்டுக்குத் தந்தார் என்கிற பொருளில். பிறகு அவரே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு சாகும்வரை கூடவே வைத்திருந்தார் என்பது வேறு விஷயம். இரும்பில் வெட்டிய அந்த வரிகளில் விபத்து நடந்த தேதி செப்டம்பர் 14 என்று இருக்கிறது. நடந்தது 13.